மானிடவியல் பயின்றால் விசுவாசம் குலையுமா?

கல்லூரியில் மானிடவியலும் தொல்லியலும் பயில விரும்பும் பிள்ளையைக் கண்டு கலங்கும் பெற்றோர் நம் பங்குகளில் உண்டு. "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று கற்பிப்பார்களாமே! பிள்ளையின் விசுவாசம் என்னாவது?" என்பது அவர்தம் அச்சம். அதனை ஏளனம் செய்தலாகாது. ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

முதலாண்டு மாணவன் கற்பது யாது? மனித உடலின் அமைப்பையும் தொன்மையையும் ஆராய்வது உடல்சார் மானிடவியல். மக்களோடு தங்கி அவர்களது உறவுமுறை, திருமணம், சடங்கு, தொழில் ஆகியவற்றை அறிவது பண்பாட்டு மானிடவியல். புதையுண்ட பொருள்களைக் கொண்டு பண்டை வாழ்வை உணர்வது தொல்லியல். அகழ்வோர் மண்ணை அடுக்கடுக்காக நீக்குவர். எப்பொருள் எவ்வடுக்கில், எதனருகில் கிடந்தது எனக் குறிக்காமல் எடுத்துவிட்டால், அப்பொருள் பாதி ஊமையாகிவிடும். இன்றுள்ள குரங்கு மனிதனாயிற்று என்று இக்கல்வி கூறுவதில்லை. இரண்டிற்கும் மிகப் பழைய பொது மூதாதை உண்டென்றே கூறுகிறது.

இத்துறையில் உழைத்தோருள் குருக்களும் உளர். 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பிரான்சு நாட்டின் லா ஷப்பேல்-ஓ-சேன் என்னும் சிற்றூரில், ழான் பூய்சோனி, அமெதே பூய்சோனி என்னும் உடன்பிறந்தாரும் லூயி பார்தோனும் ஒரு சிறு குகையை அகழ்ந்தனர். மூவரும் கத்தோலிக்கக் குருக்கள். அங்கே ஒரு குழியில், கால்கள் மடங்கிய நிலையில், நியாண்டர்தால் மனிதன் ஒருவனின் எலும்புக்கூடு கிடந்தது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் பழைமையானது அது. பற்கள் பல உதிர்ந்து, மூட்டுநோயால் வருந்திய மனிதன் அவன். உற்றார் அவனை அடக்கம் செய்தனர் என்றனர் குருக்கள்.

எலும்புகளை ஆராய்ந்த மார்செலின் பூல் என்னும் அறிஞரோ, கூனி நடந்த முரட்டுப் பிறவியாக அவனை வருணித்தார். 1957-இல் ஸ்டிராஸ், கேவ் என்னும் இருவர், அந்த வளைவு நோயால் நேர்ந்ததென விளக்கினர். அடக்கம் குறித்தும் ஐயங்கள் எழுந்தன. அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்தோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, குருக்களின் கருத்திற்கே வலுவூட்டியது.

திருச்சபையும் இவ்வாய்விற்குக் கதவடைக்கவில்லை. மனித உடலின் தோற்றம் பற்றி வல்லுநர் ஆராய்வதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் தம் சுற்றுமடலில் தடுக்கவில்லை. ஆன்மாவை இறைவன் நேரடியாகப் படைக்கிறார் என்பதை வலியுறுத்தினார். பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்திற்கு மேற்பட்டது என்று 1996-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்றுரைத்தார். உடல் வந்த வழியை எலும்பு கூறலாம். மனிதன் எதற்காக வாழ்கிறான் என்பதை அது கூறாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் பாடநூலை ஒருமுறை நீங்களும் புரட்டுங்கள். அவன் கேட்கும் வினாவை அதட்டி அடக்காதீர்கள்; விடை தெரியாவிடில் பங்குக் குருவிடம் அவனோடு சென்று கேளுங்கள். வீட்டில் வினவ இடமில்லையெனில் பிள்ளை வினாவை விடமாட்டான், விசுவாசத்தையே விட்டுவிடக்கூடும்.