பைபர் வள்ளம் வாங்குமுன் மிதவை அறையைக் கேளுங்கள்

கட்டுமரத்தின் மேல் அலை ஏறினாலும் அது மூழ்காது, மரமே மிதவை. பைபர் வள்ளம் அப்படியல்ல. கண்ணாடி இழையும் பிசினும் இறுகிய தகடு, கடல்நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். உள்ளே காற்றோ நுரையோ அடைத்த மிதவை அறை இல்லாவிட்டால், தண்ணீர் நிறைந்த வள்ளம் எஞ்சினோடு அடிக்குப் போய்விடும். குமரி மாவட்டத்தின் தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளங்கள் கவிழ்வதைப் பார்த்தவர்களுக்கும், 2017-இல் ஒக்கிப் புயலுக்கு உறவுகளைப் பறிகொடுத்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மக்களுக்கும் இதன் பொருள் புரியும்.

பந்தயப் பாய்மரப் படகும் பைபர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் செலுத்திய லேசர் ரேடியல் படகின் நீளம் 4 மீட்டருக்குச் சற்று அதிகம். படகுக் கூட்டின் எடை ஏறத்தாழ 60 கிலோ. பந்தயத்தில் கவிழ்வது சகஜம். ஆனால் மேல்தகடும் அடித்தகடும் ஒட்டி மூடிய கூடு என்பதால் அது மூழ்குவதில்லை, ஓட்டுபவரே நிமிர்த்திக்கொள்ளலாம். விளையாட்டுப் படகுக்கு உள்ள இந்தக் காப்பு, பிழைப்புக்குப் போகும் வள்ளத்துக்கும் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• மிதவை அறை எங்கே, எத்தனை லிட்டர், உள்ளே நுரை உண்டா என்று எழுதி வாங்குங்கள். 100 லிட்டர் நுரை தண்ணீரில் ஏறத்தாழ 100 கிலோவைத் தாங்கும்.
• நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஓசை வந்தால் அடுக்குகள் ஒட்டாமல் இருக்கலாம். வெள்ளைத் திட்டுகள், பிசின் ஊறாத இழையின் அடையாளம்.
• இழை அடுக்குகளின் எண்ணிக்கை, வள்ளத்தின் எடை, உத்தரவாதக் காலம் எல்லாம் பில்லில் இருக்கட்டும்.

குறை தெரிந்தால்?

‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு செல்லாது’ என்று வள்ளம் கட்டிய பட்டறைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆள் வைத்துப் பல வள்ளங்கள் ஓட்டும் முதலாளிக்குத்தான் சிக்கல்.

குறையைப் படமெடுத்து, பட்டறைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பேசித் தீர்க்க 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு. தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வள்ளத்துக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தகட்டைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். அதனால் முறையிடுமுன் ஓட்டையை அடைத்துத் தடயத்தை அழித்துவிடாதீர்கள். வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளே கெடு.

கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. வள்ளம் கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகாதீர்கள். மிதவை அறை உள்ள வள்ளம்தான் உங்களைத் தேடி வருபவர்களின் கண்ணில் முதலில் படும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த அறையைக் கேட்டு வாங்குங்கள்.