பொறி எப்போது விழ வேண்டும்?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பைக்கின் வேகம் குறையும், கியர் இறங்கும், திரும்பியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டும். அத்தனை மாற்றத்துக்கும் ஏற்ப, பிளக்கில் பொறி விழும் நேரமும் மாறியாக வேண்டும்.

பெட்ரோல் கலவை முழுதும் எரியச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது கிராங்க் ஒரு மில்லி நொடியில் 18 டிகிரி திரும்பிவிடும். 6,000 சுற்றில் 36 டிகிரி. வேகம் கூடினால் பொறி முந்த வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் மெதுவாகச் சுழலும் இன்ஜினை முழுதாக முறுக்கி மேட்டில் ஏற்றும்போது பொறி மிகவும் முந்தினால், மீதிக் கலவை தானாகப் பற்றி ‘டக் டக்’ என்று இடிக்கும். இந்த நாக்கிங் நீடித்தால் பிஸ்டனே போய்விடும்.

பழைய புல்லட்டில் பாயின்டும், சுழற்சியில் விரியும் சிறு எடைகளும் இந்த வேலையைச் செய்தன. அவற்றுக்கு வேகம் தெரியும், சுமை தெரியாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பொறி விழும் நேரத்தை இசியு (ECU) என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கிடுகிறது. கிராங்க் எங்கே நிற்கிறது என்பதை மேக்னெட் அருகிலுள்ள பல்சர் காயில் சொல்கிறது. எவ்வளவு முறுக்கியிருக்கிறோம், இன்ஜின் எவ்வளவு சூடு, காற்றழுத்தம் என்ன என்பதை மற்ற சென்சார்கள் சொல்கின்றன. மலைமேல் காற்றழுத்தம் சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்காவது குறைவு. அங்கே தீ மெல்லப் பரவுவதால் பொறி கொஞ்சம் முந்தலாம்.

இந்தச் செய்திகள் எல்லாம் வயர் வழியாகத்தான் வருகின்றன. நம் சிறிய பைக்குகள் பெரும்பாலானவற்றில் நாக்கிங்கை உணரும் சென்சார் கிடையாது. ஆகவே வயர் தவறாகச் சொன்னாலும் இசியு நம்பிவிடும்.

பல்சர் காயிலின் இரண்டு வயர்களை மாற்றிப் பொருத்தினால் துடிப்பு தலைகீழாகும். இசியு எதிர்பார்க்கும் விளிம்பு விலகி, டைமிங் பல டிகிரி தள்ளிப்போகும். வண்டி ஸ்டார்ட் ஆனாலும் இழுக்காது. மலையின் மூடுபனியிலும் மழையிலும், வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பிடித்தால் மின்தடை ஏறும். கொதிக்கும் இன்ஜினைக் குளிர்ந்தது என்று வெப்ப சென்சார் சொல்லும். எர்த் சரியில்லாவிட்டால் த்ராட்டில் சென்சாரின் வோல்டேஜ் உயர்ந்து, பாதி முறுக்கியதே முழுதாகத் தெரியும். இசியு பொறியைப் பின்தள்ளும், ஏற்றத்தில் சக்தி குறையும்.

இதையெல்லாம் சென்சார் கோளாறு என்று எண்ணிப் புதிதாக வாங்கிப் போடுவதுதான் என்னை வருத்துகிறது. முதலில் கப்ளரைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவுக்கும் சென்சார் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைத்தான் தேட வேண்டும்.