சிரட்டைக்குள் ஒரு மலை: குவா தெம்புருங்

கோலா சாவா, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்புமலை பழக்கமில்லாதது. நமக்குத் தெரிந்தவை செம்மண் மேடுகளும் ரப்பர், செம்பனை வரிசைகளும்தாம். தைப்பூசத்திற்குப் பத்துமலை போகும்போது பார்த்ததோடு சரி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பாவைக் கடந்து கோப்பெங்கை நெருங்கினால், செங்குத்தாக நிற்கும் வெண்சாம்பல் நிற மலைகள் தென்படும். குவா தெம்புருங் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

'தெம்புருங்' என்றால் மலாய் மொழியில் சிரட்டை. குகையின் கூரை கவிழ்த்த சிரட்டைபோல் குவிந்திருப்பதால் இந்தப் பெயர். ('சிரட்டைக்குள் தவளை' என்னும் மலாய்ப் பழமொழியைப் பள்ளியில் படித்திருப்போம், நம் கிணற்றுத் தவளைக்கு உறவுக்காரன்!) 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இக்குகை தீபகற்ப மலேசியாவின் பெரிய குகைகளுள் ஒன்று. உள்ளே ஓர் ஆறும் ஓடுகிறது. 1990களில் நடைபாதையும் விளக்கும் அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது சுவரில் வழிந்து உறைந்த பொன்னிறக் கல். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. பால்மரத்தின் வெட்டுக்கோட்டில் வழியும் பால் மங்கில் விழாமல் பட்டையிலேயே இறுகினால் ஒட்டுப்பால் ஆகிறதல்லவா? ஏறக்குறைய அதே தோற்றம்தான். ஆனால் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுகிறோம். கல்லில் கதை தலைகீழ். அங்கே ஆசிட் கரைக்கிறது, அது விலகும்போதுதான் கல் உறைகிறது.

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாகக் காட்டு மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது பாறையிடுக்கில் இறங்கும்போது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொள்கிறது. குகையின் கூரைக்கு வந்து சேர்ந்ததும், அங்குள்ள காற்றில் அந்த வாயு குறைவாக இருப்பதால், சொட்டிலிருந்து வாயு வெளியேறிவிடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சைட் என்னும் கனிமமாகப் படிகிறது. தூய கால்சைட் வெள்ளை. இரும்பு கலந்தால் பொன்னிறமும் செம்பழுப்பும் வரும். வளர்ச்சி இடத்துக்கு இடம் மாறினாலும், கல்விழுது ஓர் ஆண்டில் 0.1 மில்லிமீட்டர் அளவில் நீள்வதே பெரிது. நம் சுண்டுவிரல் நீளத்துக்குச் சில நூறு ஆண்டுகள் வேண்டும்.

ஆனால் இந்த மலைக்கு மனிதன் முதலில் அழகு பார்க்க வரவில்லை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்புப் பாறைக்கு அருகே கருங்கற்குழம்பு மேலெழுந்தது. அந்த வெப்பத்தில் பாறையின் பல பகுதிகள் சலவைக்கல்லாயின. கருங்கல்லோடு ஈயத்தாதுவும் வந்தது. நீரைவிட 7 மடங்கு கனமான அத்தாது ஆற்று மணலோடு பள்ளங்களில் தங்கியது. கிந்தா பள்ளத்தாக்கு உலகின் வளமிக்க ஈய நிலங்களுள் ஒன்றானது இப்படித்தான். குகைக்குள்ளேயே ஈயம் எடுத்திருக்கிறார்கள்; அந்த மண்டபம் இன்றும் ஈய லம்பத்தின் பெயராலேயே வழங்குகிறது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்ததும் கிந்தாவின் லம்பங்கள் பெரும்பாலும் ஓய்ந்தன.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் காசல்டன் என்றோர் ஊர் உண்டு. அதனருகே ட்ரீக் கிளிஃப் குன்றில் 'புளூ ஜான்' என்னும் ஊதாவும் மஞ்சளும் வரிவரியாக ஓடும் ஃபுளோரைட் கல் கிடைக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே அதில் பூச்சாடிகள் கடைந்தார்கள். அங்குள்ள இரண்டு குகைகளில் பார்வையாளரும் வருகிறார்கள். சிறிதளவு கல்லும் வெட்டி நகையாக்குகிறார்கள். ஃபுளோரைட் நம் பக்கமும் இல்லாமலில்லை. 1930களில் கிராமாட் பூலாயில் டங்ஸ்டன் தாதுவோடு அதுவும் கிடைத்தது. அழகுக்காக அதை யார் தேடினார்கள்?

கிந்தாவின் கல்லுக்கு இன்று கிராக்கி வேறு வகையில் இருக்கிறது. தூய்மை மிகுந்த இச்சுண்ணாம்புக்கல் பொடியாகிச் சாயம், தாள், பிளாஸ்டிக், பற்பசை ஆகியவற்றில் கலக்கிறது. ஆகவே குகைக்கு ஆபத்து எனும்போது கல்விழுதைத் தொட்டுப் பார்க்கும் சுற்றுப்பயணியை மட்டும் குறை சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை. அவன் கை எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் கால்சைட் படிவது கெடும், உண்மைதான். கல்லுடைப்போ குகை இருக்கும் மலையையே எடுத்துவிடும். பத்துமலையில் அது 1980இல் நின்றது. கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குவா தெம்புருங்கும் அதில் அடங்கும்.

ஈப்போவுக்கு வடக்கே குனோங் கந்தானில் கண்டறிந்த சிறு நத்தை ஒன்றுக்கு 2014இல் 'சரோப்பா லஃபார்ஜி' என்று பெயரிட்டார்கள். லஃபார்ஜ் என்பது அந்த மலையில் அப்போது சிமெண்டுக்காகக் கல் உடைத்துக்கொண்டிருந்த நிறுவனத்தின் பெயர்.