உப்புமாவில் சாதி தேடலாமா?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பல வீடுகளில் தாய் இருப்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி அதற்கு முன்பே வந்து ஏற்றிப் போயிருக்கும். மழைக்காலம் என்றால் உளுந்து, பாசி, மக்காச்சோளக் காடுகளில் களையெடுக்கப் போயிருப்பார். சொந்த நிலம் இல்லாத தலித் குடும்பங்களில், ஒரு நாள் கூலி போனால் ஒரு நாள் அடுப்பு போச்சு.

இதே வண்டிகள் ஒருகாலத்தில் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றன. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் பட்ட பாட்டை ஸ்மிது கோத்தாரி 1983-ல் 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் எழுதியபோது நாடே அதிர்ந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், பிள்ளையைப் பள்ளியில் இருத்தி வைக்கச் சட்டம் மட்டும் போதவில்லை, சோறும் தேவைப்பட்டது.

அந்தச் சோற்றின் வரலாறும் நம் ஊரோடு சேர்ந்ததுதான். காமராஜர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது.

இது வெறும் தருமம் அல்ல, முதலீடு என்கிறது ஆய்வு. 1993 முதல் 2016 வரையிலான தேசியத் தரவுகளை அலசி, 2021-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான கட்டுரை ஒன்று, சிறுமியாக இருந்தபோது பள்ளியில் உண்டு வளர்ந்த தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேலாக இருப்பதைக் காட்டியது. ஏழைக் குடும்பங்களில் பலன் இன்னும் கூடுதல். பள்ளியில் ஒரு பெண் குழந்தை உண்ணும் சோறு, அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் எலும்பிலும் சேர்கிறது.

அந்தத் தட்டில்தான் 2023 செப்டம்பரில் சாதி வந்து விழுந்தது. எட்டயபுரம் அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் காலை உணவை உண்ண மறுப்பதாகச் செய்தி வந்தது. மக்களவை உறுப்பினர் கனிமொழி, அமைச்சர் கீதா ஜீவன், ஆட்சியர் செந்தில்ராஜ் ஆகியோர் பள்ளிக்கே சென்று, பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டார்கள். நல்ல செயல்தான். ஆனால், அமைச்சர் வராத பள்ளிகளில் என்ன நடக்கும்?

இந்த நோய் புதிதல்ல. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் தமிழ்நாடு உள்ளிட்ட 5 மாநிலங்களில் 531 கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பை வைத்து 2005-ல் எழுதிய ஆய்வு, தலித் பெண்ணைச் சமையலுக்கு வைப்பதற்கு எழும் எதிர்ப்பையும், பந்தியில் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதையும் பதிவுசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 2004 ஏப்ரல் 20-ல், சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது.

அந்த முன்னுரிமையின் பொருளாதாரத்தைக் கவனிக்க வேண்டும். கிராமங்களில் காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். தலித் பெண்ணுக்கு உள்ளூரிலேயே, மரியாதையோடு கிடைக்கும் வேலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குக் காத்திருக்காமல், அடுத்தவர் காட்டில் குனியாமல், அரசுப் பள்ளியில் பார்க்கும் வேலை அது. பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுப்பவர்கள் அவளுடைய பிழைப்பையும் தட்டிவிடுகிறார்கள். சொந்தப் பிள்ளையையும் பட்டினி போடுகிறார்கள். பிற சாதித் தாய்மாரும் அதே தீப்பெட்டி ஆபீஸில்தானே குச்சி அடுக்குகிறார்கள்? அங்கே ஒரே கூரை. பள்ளியில் மட்டும் தீட்டா?

எனவே, புகார் எழுந்தவுடன் 'பிரச்சினை வேண்டாம்' என்று சமையலரை மாற்றுவதை அதிகாரிகள் தீர்வாக எண்ணக் கூடாது. அது சாதிக்குக் கிடைக்கும் வெற்றி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் இருப்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். தினமும் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கை ஊராட்சிவாரியாக ஒப்பிட்டால், எங்கே தட்டு காலியாக இருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும். ஆசிரியர்களும் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்தால், பாதிப் பேச்சு அன்றே அடங்கும்.

காலையில் பசியோடு வரும் ஆறு வயதுப் பிள்ளை, உப்புமா சூடாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். கிண்டியது யார் கை என்று கேட்கப் பழக்குவது நாம்தான். அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டியவர்களும் நாம்தான்.