விலைச்சீட்டுக்குப் பின்னால் யார் நிற்கிறார்? ஓர் ஒலிபெருக்கி சொல்லித் தந்த பாடம்

சென்ற ஆண்டு ஒரு நாள் பாலக்கோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் நமது கடைக்கு வந்தார். திருவிழா, கல்யாண வீடுகளுக்கு ஒலி அமைப்புச் செய்பவர்களுக்காகப் பல ஆண்டுகளாக ஸ்பீக்கர் பாக்ஸ் செய்து தருகிறவர். அன்று அவர் கொண்டுவந்தது வேறு சரக்கு. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கென்று அவரே வடிவமைத்த ஒரு ஜோடி ஒலிபெருக்கி. கடையிலேயே இணைத்துக் கேட்டோம். நாகஸ்வரம் நாகஸ்வரமாகவே கேட்டது. "ஐயா, இதுக்கு என்ன விலை வைக்கலாம்? என்ன பேர் வைக்கலாம்? நீங்களே எடுத்து வித்துக் கொடுங்க" என்றார்.

மின்சாதனமும் ரேடியோ உதிரியும் மொத்தமாக விற்றே பல ஆண்டுகள் கழித்த நமக்கு அந்த இரண்டு கேள்விக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறர் வைத்த விலையில், பிறர் வைத்த பெயரில் விற்றே பழகிவிட்டோம். அதன் பிறகு விசாரித்து அறிந்தவற்றை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

வடிவம்

உயர்ந்த விலை ஒலிபெருக்கி என்றால் மேல்நாட்டுச் சரக்குதான் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியல்ல. கொல்கத்தாவில் 1970-இல் தொடங்கப்பட்ட சோனோடைன் பல்லாண்டுகளாக நல்ல ஒலிபெருக்கிகளைச் செய்து வந்தது. இன்னும் அருகில், கொச்சியில், ஜேக்கப் ஜார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர் 'ரெத்ம்' என்ற பெயரில் ஒலிபெருக்கிகளை வடிவமைத்து அமெரிக்கா வரை அனுப்பினார். ஒரு ஜோடி ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் லௌதர் ஸ்பீக்கர் யூனிட். மிக மெல்லிய காகிதக் கோன், வலுவான காந்தம். சில வாட் கொடுத்தாலே உரத்துப் பேசும். கோனின் பின்புறம் வரும் ஒலியை வீணாக்காமல் பெட்டிக்குள் வளைந்து வளைந்து செல்லும் பாதை அமைத்தார். அடித்தொனி போதவில்லை என்று கண்டபோது அதற்கு மட்டும் தனி ஊஃபரும், அதை இயக்கப் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரும் வைத்தார். பின்னர் தமக்கென்றே யூனிட்டும் வடிவமைத்துக்கொண்டார். ஒரே நாளில் பிறந்த சரக்கு அல்ல. திருத்தித் திருத்தி வளர்ந்தது.

இதற்கு நேர் எதிரானது நம் ஊர்க் கோயில் வேப்பமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர். 1940 முதல் இயங்கும் டெல்லி அகுஜா நிறுவனத்தின் பெயர் அந்த வகைச் சரக்கில் நம் கிராமங்கள் எங்கும் தெரியும். வெயில், மழை, தூசி தாங்க வேண்டும். பேச்சு தூரத்துக்குப் போக வேண்டும். அதன் வேலையை அது செய்கிறது. யாருக்கு, எந்த இடத்தில், எதற்காக என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்பச் செய்வதுதான் நல்ல வடிவம்.

விலை

இளைஞர் தம் கணக்கைக் காட்டினார். யூனிட், ட்வீட்டர், கிராஸ்ஓவர் 6,500 ரூபாய். பிளைவுட், தேக்கு வெனீர் 3,500. தச்சுக் கூலி, பாலிஷ் 2,000. ஆக 12,000. "பதினைந்தாயிரம் வச்சா போதும்ங்க ஐயா" என்றார்.

நாம் பேனாவை எடுத்தோம். கொட்டகை வாடகை, மின்சாரம், அவருடைய சொந்தச் சம்பளம் என்று ஜோடிக்கு 3,000. பேக்கிங்கும் லாரியும் 800. உடைசல், உத்தரவாதக் காலப் பழுது 1,200. அடக்கமே 17,000 வந்துவிட்டது. அடுத்த மாடலுக்கு முதல் வேண்டுமே, அதற்கு லாபம் 3,000. சில்லறைக் கடைக்காரர் ஒரு ஜோடியை விற்காமல் கேட்டுக் காட்டுவதற்கென்றே வைக்க வேண்டும். வாடிக்கையாளருடன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அவருக்கு 6,500. மொத்தம் 26,500. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 4,770. முடிவில் 31,270 ரூபாய்.

இளைஞர் திகைத்துப் போனார். நாமும்தான் திகைத்தோம். ஏனெனில் இந்தக் கணக்கில் மொத்த வியாபாரியின் பங்கு என்று ஒரு பைசா இல்லை! அதைச் சேர்த்தால் விலை இன்னும் ஏறும். சேர்க்காவிட்டால் நமக்கு அங்கே வேலை இல்லை.

விலை உயர்ந்த ஒலிபெருக்கி என்பது புதிய கதையும் அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் கோன் வகையை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கினர். 1926-இல் அது கடைக்கு வந்தபோது விலை 250 டாலர். அந்நாளில் அது பெருந்தொகை. ஆயினும் வாங்கினார்கள். விலை அதிகம் என்பதால் மட்டும் ஒரு சரக்கு தேங்குவதில்லை. அந்த விலை ஏன் என்று சொல்ல ஆள் இல்லாதபோதுதான் தேங்குகிறது.

பெயர்

பெயருக்கு இளைஞர் ஓர் ஆங்கிலப் பெயரை எழுதி வைத்திருந்தார். வெளிநாட்டுச் சரக்குபோல் இருக்க வேண்டுமாம். பால் கிளிப்ஷ் 1946-இல் அறை மூலையில் வைக்கும் தம் ஒலிபெருக்கிக்குத் தம் பெயரையே சேர்த்துக் 'கிளிப்ஷ்ஹார்ன்' என்றார். அமர் போஸ், வங்காளத் தந்தையின் மகன், 1964-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனத்துக்குக் குடும்பப் பெயரையே வைத்தார். சொந்தப் பெயரை வைத்தவன் சரக்கு கெட்டால் ஓடி ஒளிய முடியாது. வாங்குபவருக்கு அதுவே ஒரு நம்பிக்கை.

கொச்சிக்காரர் தம் மாடல்களுக்குச் சாதனா, மார்கா, திருஷ்ணா, பாவா என்று சமஸ்கிருதப் பெயர்கள் சூட்டினார். பயிற்சி, பாதை, தாகம், உணர்வு என்று பொருள். வெளிநாட்டாருக்கு நம் நாட்டு இசையை நினைவூட்டும் பெயர்கள். ஆனால் ஊருக்கு ஊர் காது வேறு. 'பாவா' என்றால் நம் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் வாடிக்கையாளருக்கு அத்தான். தமிழ் வாடிக்கையாளரோ "பாவம்" என்று சிரிப்பார். ஆகவே பெயரைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். மேலும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி அந்தப் பெயரை வேறு யாரும் முன்பே பதிந்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். ஒலிபெருக்கி 9-ஆம் வகுப்பில் வரும். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சரக்கின் தன்மையை மட்டும் சொல்லும் சாதாரணச் சொல்லுக்குப் பதிவு கிடைப்பது கடினம்.

நாம் பட்ட அனுபவம்

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1990-களில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு பெட்டிகளை நாம் அட்டை அட்டையாக எடுத்து விற்றோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அரூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் திரும்பி வந்து அடாப்டரைக் கவிழ்த்துக் காட்டினார். 9 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 9 வாட். "ஒன்பது வாட் உள்ளே போனா ஆயிரம் வாட் எப்படிங்க வெளியே வரும்?" என்று கேட்டார். பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் மறுபடி நம் கடைப்படி ஏறவில்லை.

பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லாரும் ஏற்ற அளவுமுறையே கிடையாது. நாம் பார்க்க வேண்டியது தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட், ஓம் அளவு, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற எண் ஆகியவை. மூன்று டெசிபல் கூடுதலாக உள்ள ஒலிபெருக்கிக்கு அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். தாங்காத ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிடும். இவ்வளவு தெரிந்த விற்பனையாளர் கடையில் ஒருவர் இருந்தாலே பாதிப் புகார் குறையும்.

முடிவாக

இளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, உங்கள் ஊர்ப் பெயரோ உங்கள் பெயரோ வையுங்கள். அட்டையில் உண்மை வாட் மட்டும் போடுங்கள். முப்பத்தோராயிரத்துக்குக் குறைக்காதீர்கள். முதலில் ஐந்து ஜோடி செய்யுங்கள்." அந்த ஐந்தையும் முன்பணம் கொடுத்து நாமே எடுத்துக்கொண்டோம். இடைத்தரகாக அல்ல, கடைக்காரராக. கேட்டுக் காட்டும் வேலையும், கோன் கிழிந்தால் மாற்றித் தரும் வேலையும் நம்முடையவை என்று ஒப்புக்கொண்டு அந்த 6,500-ஐ வாங்கிக்கொள்கிறோம். இதுவரை விற்றது மூன்று ஜோடி. பழுதென்று ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதற்கு மட்டும் இனி யாரும் கமிஷன் தரமாட்டார்கள். அதை பார்சல் வண்டி செய்துவிடும். பொருளைப் பற்றித் தெரிந்து சொல்வதற்கும், பழுதானால் பொறுப்பேற்பதற்கும் ஆள் எப்போதும் தேவை. விலைச்சீட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஆளாக வணிகர்களாகிய நாம் இருக்கும்வரை நமக்கு இடம் உண்டு.