காரின் மூக்கில் ஒட்டியிருக்கும் அதிசயம் தெரியுமா?

குமுளி மலைப்பாதையில் எஸ்டேட் ஜீப்புகளுக்கு நடுவே ஒரு பஜேரோவோ லேண்ட் க்ரூஸரோ மூக்கில் பாட்ஜ் இல்லாமல் போனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டயர் நாலும் தேனியிலேயே மாற்றிவிடலாம். அந்தக் கையகலத் துண்டு கிடைப்பதுதான் பெரும்பாடு!

‘டொயோட்டா எம்ப்ளம் ஒண்ணு குடுங்க’ என்று கேட்டால் நடக்காது. அவர்களுடைய உதிரிபாகம் ஒவ்வொன்றுக்கும் 10 இடக் குறியீடு உண்டு. முதல் 5 இலக்கமே பொருள் என்னவென்று சொல்லிவிடும். 75311 என்றால் முன்பக்க எம்ப்ளம். 90467 என்றால் பேனலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்! கடைசியில் 2 எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால், அது பெரும்பாலும் நிறம். அதைப் பார்க்காமல் ஆர்டர் போட்டவர் வண்டியில் பழுப்பு டோர் பேடும் கறுப்பு மூடியும் குடித்தனம் நடத்தும்.

பாகம் தேடும்போது நினைவில் வைக்க இன்னொன்று: ஜப்பானுக்குள் ஓடுவதற்கென்றே செய்த வண்டிகளுக்கு நாம் பழகிய 17 இட சேஸிஸ் நம்பரே கிடையாது! மாடல் குறியீடு, ஒரு கோடு, வரிசை எண். அவ்வளவுதான்.

எம்ப்ளத்தின் பளபளப்பைப் பார்த்து இரும்பு என்று நினைத்தீர்களா? பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்! மின்சாரம் பாயாத பொருளுக்கு மின்முலாம் எப்படி? அமிலக் கரைசலில் அரித்துச் சொரசொரப்பாக்கி, மின்சாரமில்லாமலே ஒரு மெல்லிய உலோகப் படலம் ஏற்றி, அப்புறம் செம்பு, நிக்கல், கடைசியில் குரோமியம்.

உச்சம் இனிமேல்தான். புதிய கார்கள் சிலவற்றில் அந்த எம்ப்ளத்துக்குப் பின்னால் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் உட்கார்ந்திருக்கிறது! குரோம் பூசினால் அலை வெளியே போகாது. அதனால் இண்டியம் உலோகத்தை ஒன்றையொன்று தொடாத நுண்ணிய திட்டுகளாகப் படியவைக்கிறார்கள். கண்ணுக்கு மினுக்கும், அலைக்கு வழிவிடும்! ஸ்டிக்கர் கடை எம்ப்ளத்தை அங்கே ஒட்டிவிட்டு போடிமெட்டு மூடுபனியில் ரேடாரை நம்பினால்... வேண்டாம் சாமி.

சுபாரு கார் பாட்ஜில் மின்னும் ஆறு விண்மீன்கள் நம் கார்த்திகைக் கூட்டமேதான்! பெரியது தாய் நிறுவனம். சிறியவை ஐந்தும் அதில் இணைந்த கம்பெனிகள்.

சரி, புதுசு வந்துவிட்டது. பழையதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், பெயின்ட் போய்விடும். முதலில் இருந்த இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பில் குறி. பிறகு ஹேர் டிரையர் சூடு. தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்தால் டபுள் டேப் அறுந்து, பாட்ஜ் கையோடு வந்துவிடும்.