பத்துச்சீட்டும் ஆறு மாதமும்

சென்ற வாரம் ஈ.பி.எப். பற்றி எழுதியதைப் படித்துவிட்டு யட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ரப்பர் தோட்டத்தில் 19 வருடம் பால் வெட்டியவர். மடித்து மடித்து மடிப்பே கிழிந்துபோன ஒரு காகிதத்தைச் சொப்பிங் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். பத்துச்சீட்டு. வேலைக்கு வராத நாட்களைக் காரணம் காட்டிப் பேரை வெட்டியிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது திகதியைத்தான். விரல்விட்டு எண்ணினேன்: எட்டு மாதம்.

"இவ்வளவு நாளா என்ன செஞ்சீங்க அண்ணே?"

"தலைவர் துரையோட பேசிக்கிட்டு இருக்காருங்க. அவசரப்பட வேணாம்னு சொன்னாரு."

சங்கத் தலைவர் பொய் சொல்லவில்லை, பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் தவணை. தோட்டத்தோடு பேசுவதால் அந்தத் தவணை நீளாது. இத்தனைக்கும் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. மனுவைப் போட்ட பிறகு, சங்கம் நிர்வாகத்துடன் பேசிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால், பேச்சு முடியும்வரை சபை விசாரணையை நிறுத்திவைக்கும். முறிந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மனு முதலில், பேச்சு பிறகு. சப்ரகமுவத் தோட்டங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

மற்றத் தவணைகளில் பெரும்பாலானவை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கின்றன. கோர்ட்டில் இதைப் 'பிரஸ்கிரிப்ஷன்' என்பார்கள். டிஸ்பென்சரியில் தரும் மருந்துத் துண்டுக்கும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம். வாய்ப்பேச்சில் கொடுத்த கடனுக்கு 3. நட்டஈட்டு வழக்குக்கு 2. கூலிப் பாக்கிக்கு ஒரே வருடம். கடைக்காரரின் கொப்பிக் கணக்குக்கும் அதே ஒரு வருடம்தான். இந்தச் சட்டத்துக்கு வெளியே, அரசு அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் காலக்கெடு கிடையாது. மற்றக் குற்றங்களுக்குப் பொதுவாக 20 வருடம்.

அவர் எழுந்து போகிற மாதிரி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "பத்து வருஷம் இருந்தா எடம் நம்மளுக்குன்னு சொல்றாங்களே. நாங்க நாலு தலைமுறையா அதே லயத்துல இருக்கோம்."

கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கிற கேள்வி இது. பதில் கசப்பானது. அந்த 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பத்து வருட ஆட்சிக்கு உரித்துத் தருவது உண்மைதான். ஆனால் அந்த ஆட்சி உரிமைக்காரருக்கு எதிரானதாக, அவரைச் சாராததாக இருக்க வேண்டும். வாடகை கொடுத்திருக்கக் கூடாது, விளைச்சலில் பங்கு கொடுத்திருக்கக் கூடாது, அவருக்குச் சேவை செய்தும் இருக்கக் கூடாது. லயத்தில் இருப்பவர் விடிந்தால் பெரட்டுக்குப் போகிறார். தோட்டம் கொடுத்த காம்பிராவில் தோட்டத்து வேலைக்காக இருக்கிறார். அந்த உழைப்பையே, இடம் இன்னொருவருடையது என்று அவர் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. தனியார் தோட்டத்தின் மூலையை வெளியாள் ஒருவர் வேலி போட்டுப் பத்து வருடம் அடக்கி ஆண்டால் அவருக்கு வழக்காட வழியுண்டு. அதே மூலையைக் கொத்திப் பண்படுத்திய தொழிலாளிக்கு இல்லை. கோப்பிக் காலத்தில் எழுதிய சட்டம், கோப்பித் துரைமாரின் கணக்கு அதில் இன்னும் தெரிகிறது.

பெரிய தோட்டங்களில் வெளியாளின் அந்த வாதமும் நிற்காது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசிடம் போன நிலம் அது. 1992 முதல் கம்பெனிகள் அதை நடத்துகின்றன, ஆனாலும் உரிமை அரசுடையது. அரசின் உரிமையை இந்தப் பத்து வருட விதி தொடாது. ஆகவே லயத்துக்கும் வீட்டுக் காணிக்கும் வழி உறுதிப் பத்திரம்தான், காலம் தானாக எதையும் கொண்டுவந்து தராது.

வந்தவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும் வழி அடைபட்டுவிட்டது. பணிக்கொடை மிச்சமிருந்தது. வருடத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் 19 வருடத்துக்கு, வேலை முடிந்த 30 நாளுக்குள் தோட்டம் கொடுத்திருக்க வேண்டிய பணம். பிந்தினால் 30 வீதம் வரை மேலதிகம் சேரும். தொழில் திணைக்களத்துக்கு அன்றே ஒரு கடிதம் எழுதினோம்.

உங்களுக்கு இப்படியொரு பத்துச்சீட்டு வந்தால் உறையை எறிந்துவிடாதீர்கள். கிடைத்த திகதியை அதன் மேலேயே எழுதி, அந்த வாரமே கொண்டுவாருங்கள்.